ஐயா பெயர், அதே இனிஷியல்

கேள்வி: தலைப்பேரனுக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பெயரையே வைக்கிறோம். இருவரும் 'லெ. மெய்யப்பன்' ஆகிவிடுகிறார்களே, பின்னால் சிக்கல் வருமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: வரும். அப்பாவுக்கும் அவருடைய ஐயா பெயரான லெட்சுமணன்தான் என்பதால், ஒரு தலைமுறை விட்டுப் பெயர் திரும்பும்போது இனிஷியலும் கூடவே திரும்புகிறது. பட்டாவிலும் வங்கிக் கணக்கிலும் யார் எவர் என்று குழம்பும். அதனால் வீட்டில் கூப்பிடும் பெயரையும் சேர்த்து 'மெய்யப்பன் கதிர்' என்று பிறப்புச் சான்றிதழிலேயே பதியுங்கள். மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தயங்கும் மருமகளுக்கும் அது வசதி. ஐயா பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்!

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை. பதிந்தபின் மாற்றுவது பெரும்பாடு. அப்பா பெயரின் ஆங்கில எழுத்துகள் அவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். லெட்சுமணனா லட்சுமணனா என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.