எண்ணும்போது விட்டுப்போன ஆள்

அன்புள்ள அக்கா,

நான் தஞ்சாவூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். ஊரடங்கு நாட்களில் பொழுது போகாமல் ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் துப்பறியும் கதைகளை எடுத்தேன். 12 நாவல்களையும் சிறுகதைகளையும் முடித்துவிட்டு இப்போது இரண்டாவது சுற்று ஓடுகிறது. என் கணவருக்கு இது புரியவே இல்லை. "ஒரு சின்ன கிராமத்தில் இத்தனை கொலை விழுமா? ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பாட்டி போலீஸுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவாளா?" என்று கேட்கிறார். எனக்கே ஓர் உறுத்தல் இருக்கிறது. பேப்பரில் கொலைச் செய்தி வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுகிறவள் நான். ஆனால் இந்தப் புத்தகங்களில் ஒரு பிணம் விழுந்ததும் தலையணையைச் சரிசெய்துகொண்டு வசதியாகப் படுக்கிறேன். இது என்ன மனசு? கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் ஏன் மறுபடி வாசிக்கிறேன்? உங்களுக்கு இந்தக் கதைகள் பிடிக்கும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பிடிக்கும் என்பது சின்ன வார்த்தை. கல்லூரி விடுதியில் அட்டை கிழிந்த ஒரு பிரதியில் தொடங்கியது, முப்பது வருடமாக விடவில்லை. அம்மாவை மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொண்ட இரவுகளில் வேறு எதையும் வாசிக்க முடியாதபோது இவற்றை மட்டும் வாசிக்க முடிந்தது. அதனால் உங்கள் கேள்வியை நானும் பலமுறை எனக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்கள் கணவருடைய கணக்கு. மிஸ் மார்ப்பிள் வசிக்கும் செயின்ட் மேரி மீட் கிராமத்தில் எல்லாக் கொலையும் நடப்பதில்லை. 12 நாவல்களில் மூன்றே மூன்றில்தான் பிணம் அந்த ஊரிலோ அதையொட்டியோ கிடைக்கிறது: 1930-இல் பாதிரியார் வீட்டில், 1942-இல் நூலக அறையில், 1962-இல் ஒரு சினிமா நடிகையின் வீட்டில். மற்றவை வேறு ஊர்களிலும், லண்டன் ஹோட்டலிலும், கரீபியன் தீவிலும் நடப்பவை. கிராமம் அவரோடு பயணம் செய்வதால் நமக்கு எல்லாம் ஒரே ஊரில் நடந்த மாதிரி தோன்றுகிறது. எங்கே போனாலும் "எங்கள் ஊரில் ஒருவர் இப்படித்தான்" என்றுதானே அவர் ஆரம்பிக்கிறார்?

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஒரு பாட்டியால் எப்படி முடியும்? அதற்குப் பதில், அவர் அறிமுகமாகும் முதல் கதையிலேயே இருக்கிறது. 1927 டிசம்பரில் ஒரு பத்திரிகையில் வந்த 'த ட்யூஸ்டே நைட் கிளப்'. (அந்தக் கதையை வாசிக்காதவர்கள் இதையும் அடுத்த இரண்டு பத்திகளையும் தாண்டிவிடுங்கள். கொலையாளி யாரென்று சொல்லப்போவதில்லை, ஆனால் விஷம் எதில் இருந்தது என்று சொல்லப்போகிறேன்.) மிஸ் மார்ப்பிள் வீட்டில் சிலர் கூடியிருக்கிறார்கள். லண்டன் போலீஸான ஸ்காட்லாந்து யார்டின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், எழுத்தாளரான மிஸ் மார்ப்பிளின் சகோதரி மகன், ஓவியம் வரையும் ஒரு பெண். ஆளுக்கொரு மர்மம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் விடை கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவாகிறது. ஓவியப் பெண் ஆட்களை எண்ணுகிறாள். ஐந்து பேர் வருகிறது, ஆறு பேர் இருந்தால் நன்றாக இருக்குமே என்கிறாள். "என்னை மறந்துவிட்டாயே அம்மா" என்கிறார் மிஸ் மார்ப்பிள். அது அவருடைய சொந்த வீடு. நெருப்புக்குப் பக்கத்தில் அவருடைய சொந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த இடத்தை எப்போது வாசித்தாலும் கொஞ்சம் நின்றுவிடுவேன். அதன் பிறகு வரும் புதிரைக் கவனியுங்கள். ஒரு வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று பேருக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது, மனைவி மட்டும் இறந்துபோகிறாள். கணவன் எழுதிய கடிதத்தின் சில சொற்கள், மை ஒற்றியெடுக்கிற பிளாட்டிங் பேப்பரில் பதிந்திருக்கின்றன: மனைவியை நம்பித்தான் இருக்கிறேன், அவள் இறந்த பிறகு, 'ஹண்ட்ரட்ஸ் அண்ட் தௌசண்ட்ஸ்'. நூறுகளும் ஆயிரங்களும் என்றால் பணம்தானே? படித்தவர்கள் எல்லோரும் பணம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

மிஸ் மார்ப்பிளுக்கு அது பணம் அல்ல. இங்கிலாந்துச் சமையலறையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. கேக்கின் மேலும் கஸ்டர்ட் இனிப்பின் மேலும் தூவுகிற பொடிப்பொடியான வண்ணச் சர்க்கரை உருண்டைகளுக்கு அதுதான் பெயர். அன்றைய சாப்பாட்டில் ட்ரைஃபிள் என்ற கஸ்டர்ட் இனிப்பு இருந்தது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அந்த அறையில் குற்றவியல் தெரிந்தவர் இருந்தார், சட்டம் தெரிந்தவர் இருந்தார், இறையியல் தெரிந்தவர் இருந்தார். சமையலறை தெரிந்தவர் ஒருவர்தான், அவரை எண்ணவே மறந்துவிட்டார்கள்.

இந்த வகைக் கதைகளின் ஈர்ப்பு எனக்கு இங்கேதான் இருக்கிறது. உலகம் அறிவு என்று கணக்கில் வைக்காத ஓர் அறிவை இவை மதிக்கின்றன. யார் எந்தக் கடையில் கடன் சொல்கிறார்கள், எந்த வேலைக்காரப் பெண் ஒரே மாதத்தில் ஏன் வேலையை விட்டாள், வழக்கமாகப் பின்பக்க வழியில் வருகிறவர் இன்றைக்கு ஏன் தெருப்பக்கம் வந்தார் என்பதெல்லாம் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தராத படிப்பு. பாதிரியார் வீட்டுக் கொலைக் கதையில் மிஸ் மார்ப்பிளின் தோட்டம் பாதிரியார் வீட்டை ஒட்டியே இருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவர் கண்ணில் பட்டே ஆக வேண்டும். களை பிடுங்குகிற ஒரு வயதான பெண்மணியை யாரும் காவல்காரர் என்று நினைப்பதில்லை.

மிஸ் மார்ப்பிள் எங்கிருந்து வந்தார் என்று கிறிஸ்டி தன்னுடைய சுயசரிதையில் சொல்கிறார். அவருக்கு முன்னால் ஒரு காரலைன் இருந்தாள். 1926-இல் வந்த 'ரோஜர் அக்ராய்ட்' நாவலில் கிராம டாக்டரின் திருமணமாகாத அக்கா, வீட்டை விட்டு நகராமலே ஊரில் நடப்பது அத்தனையும் தெரிந்துவைத்திருப்பவள். அந்த நாவலை மேடை நாடகமாக்கியபோது காரலைனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அழகான ஓர் இளம்பெண்ணை வைத்தார்கள். கிறிஸ்டிக்கு அது மனசே ஆறவில்லை. மேடையில் இடம் கிடைக்காத அந்த முதிர்கன்னியிடமிருந்துதான் மிஸ் மார்ப்பிள் பிறந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் எழுதுகிறார். அப்புறம் கிறிஸ்டியின் பாட்டியும் இருக்கிறார். யாரைப் பற்றியும் மோசமாகவே எதிர்பார்ப்பாராம், பெரும்பாலும் அது சரியாகவும் போய்விடுமாம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் ஒரு தலைமுறை ஆண்கள் போய்விட்டார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சத்துக்கும் மேல் அதிகம். பத்திரிகைகள் அவர்களை 'உபரிப் பெண்கள்' என்றே எழுதின. மனிதர்களைப் பற்றிப் பேச உபரி என்று ஒரு சொல்! டோரதி சேயர்ஸ் 1927-இல் எழுதிய ஒரு நாவலில், துப்பறியும் பிரபுவான பீட்டர் விம்சி, மிஸ் கிளிம்ப்ஸன் என்ற திருமணமாகாத நடுவயதுப் பெண்ணைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்கிறார். போலீஸ்காரன் நோட்டுப் புத்தகத்தோடு போய்க் கேட்டால் ஊரே வாயை மூடிக்கொள்ளும், கையில் பின்னல் வேலையோடு ஓர் அம்மாள் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது என்பது அவர் கணக்கு. இத்தனை பெண்களின் திறமையை நாடு வீணடிக்கிறது என்றும் வருந்துகிறார். துப்பறியும் கதைக்குள் இப்படி ஒரு நியாயமான கோபம் உட்கார்ந்திருப்பதைப் பலர் பார்ப்பதே இல்லை.

இந்த அறிவு பெண்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1910-இல் ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் படைத்த பாதர் பிரவுன், எஸ்ஸெக்ஸ் கிராமம் ஒன்றிலிருந்து குடையும் பொட்டலமுமாக ரயிலேறி வருகிற குட்டையான பாதிரியார். உமக்குக் குற்றவாளிகளின் தந்திரமெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கிற திருடனுக்கு அவர் சொல்லும் பதில் எளிமையானது: நாள் முழுக்க மனிதர்களின் பாவங்களைக் காது கொடுத்துக் கேட்கிறவனுக்கு அதுகூடவா தெரியாமல் போகும்?

சரி, உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தான் இந்தக் கதைகளுக்கு அடிமை என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறார். ஊர் ஏதேன் தோட்டம் போல நல்லதாக இருக்க வேண்டும், அப்போதுதான் பிணம் அங்கே பொருந்தாத ஒன்றாக அதிர்ச்சி தரும், குற்றவாளி வெளியேற்றப்பட்டதும் களங்கமில்லாத நிலை திரும்பிவிடும், குற்ற உணர்வுள்ள வாசகர் அந்தக் கற்பனையைத்தான் தேடி வருகிறார் என்பது அவர் வாதம். அழகான வாதம்தான். ஆனால் செயின்ட் மேரி மீட்டுக்கு அது பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். அந்த ஊர் எந்த நாளும் களங்கமில்லாமல் இருந்ததாக மிஸ் மார்ப்பிள் சொன்னதே இல்லை. அவர் உதாரணம் காட்டுகிற ஊர்க்காரர்கள் எல்லோரும் திருடியவர்கள், ஏமாற்றியவர்கள், இரண்டு குடும்பம் வைத்திருந்தவர்கள்.

எனக்கு வேறொரு கதை வழிகாட்டுகிறது. 1892-இல் வந்த ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் ஹோம்ஸும் வாட்சனும் ரயிலில் போகிறார்கள். பச்சை வயல்களையும் பண்ணை வீடுகளையும் பார்த்து வாட்சன் பூரிக்கிறார். ஹோம்ஸுக்கோ அவற்றைக் கண்டால் பயம். லண்டனின் மோசமான சந்தில்கூட ஒரு குழந்தை அடிபட்டு அலறினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், இங்கே வயலுக்கு நடுவே தனித்தனியாக நிற்கிற வீடுகளுக்குள் என்ன நடந்தாலும் யாருக்குத் தெரியும் என்கிறார். கிராமத்து மர்மக் கதையை நான் இந்தப் பயத்துக்கான பதிலாகவே வாசிக்கிறேன். இங்கே எதிர் வீட்டுச் சன்னல் திறந்திருக்கிறது. ஒருவர் செத்தால் அது ஊரின் விஷயமாகிறது, கேட்க ஆள் இருக்கிறது. பேப்பரில் வரும் கொலை உங்களை வதைப்பதற்குக் காரணம், அங்கே பெரும்பாலும் யாரும் கடைசிவரை கேட்பதில்லை என்பதுதான். உங்கள் மனசில் கோளாறு எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மிஸ் மார்ப்பிள் வரும் 'த ஃபோர் சஸ்பெக்ட்ஸ்' சிறுகதை நினைவிருக்கிறதா? கிராமத்து வீட்டில் ஒருவர் இறக்கிறார். செய்திருக்கக் கூடியவர்கள் நான்கு பேர். செய்தவர் ஒருவர், ஆனால் உண்மை தெரியாவிட்டால் மற்ற மூவரும் ஆயுள் முழுக்கச் சந்தேகத்தின் நிழலில் வாழ வேண்டும். தண்டனையைவிட நிரபராதிகள்தான் முக்கியம் என்று அந்தக் கதை வெளிப்படையாகவே சொல்கிறது. இது கற்பனைக் கவலை அல்ல. 1860-இல் இங்கிலாந்தின் ரோட் கிராமத்தில் ஒரு பெரிய வீட்டில் நான்கு வயதுகூட ஆகாத சேவில் கென்ட் என்ற சிறுவன் இரவில் தூக்கிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். லண்டனிலிருந்து வந்த துப்பறிவாளர் ஜாக் விச்சர், குழந்தையின் 16 வயது அக்கா கான்ஸ்டன்ஸைச் சந்தேகித்தார். நல்ல குடும்பத்துப் பெண்ணைப் பார்த்து இப்படிச் சொல்வதா என்று நாடே அவர் மேல் பாய்ந்தது. ஐந்து வருடம் குழந்தையின் தகப்பனாரையும் தாதிப் பெண்ணையும் ஊர் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 1865-இல் கான்ஸ்டன்ஸே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அந்தத் தாதிப் பெண் அந்த ஐந்து வருடத்தை எப்படிக் கழித்திருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். கடைசி அத்தியாயத்தில் உண்மை வெளிவரும்போது நமக்கு வருகிற நிம்மதி, மீதிப் பேர் விடுபட்டதால் வருகிற நிம்மதி.

எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்ற நிலை என்றைக்கும் நீடிக்கவில்லை, கிறிஸ்டியும் நீடித்ததாகக் காட்டவில்லை. 1950-இல் வந்த 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்' நாவலில் மிஸ் மார்ப்பிள் இன்ஸ்பெக்டரிடம் பேசும் இடத்தை இரண்டாவது சுற்றில் நிதானமாக வாசியுங்கள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று ஊருக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து குடியேறுகிறார்கள். அவர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்கிறார்களோ அதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ரேஷன் புத்தகமும் அடையாள அட்டையும் இருந்தால் போதும். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் கலைகிற ஓசை அந்தச் சின்ன ஊரின் வரவேற்பறையில் கேட்கிறது. நாவலின் முடிச்சே அதிலிருந்துதான் பிறக்கிறது. இதைச் சொகுசுக் கதை என்று தள்ளுகிறவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

மறுபடி வாசிப்பதைப் பற்றி. முதல் முறை நாம் எல்லோரையும் சந்தேகிக்கிறோம், அதனால் யாரையும் சரியாகப் பார்ப்பதில்லை. இரண்டாம் முறை, கொலையாளி தேநீர்க் கோப்பையை நீட்டியபடி பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு அர்த்தம் கேட்கிறது. கிறிஸ்டி எதையும் ஒளிக்கவில்லை, மேசை மேலேயே வைத்திருந்தார் என்று தெரிகிறது. மிஸ் மார்ப்பிள் முதல் தடவையே பார்த்த மாதிரி நாம் இரண்டாம் தடவை பார்க்கிறோம். 'த மூவிங் ஃபிங்கர்' நாவலுக்கு இது மிகவும் பொருந்தும். மொட்டைக் கடிதங்கள் ஊரையே கலக்குகிற கதை அது. ஊர்ப்பேச்சு கொல்லவும் செய்யும் என்பதை அதற்கு மேல் கூர்மையாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அடுத்து அதை எடுங்கள்.

உங்கள் கணவரிடம் நாவல் எதையும் கொடுக்க வேண்டாம். அந்த முதல் சிறுகதையை மட்டும் ஓர் இரவு சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பிளாட்டிங் பேப்பர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, அந்த ஆங்கிலச் சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா