வைஃபை வரைபடத்தில் ஒரு புள்ளி எதைச் சொல்கிறது? வார்டிரைவிங் கேள்வி பதில்

வண்டியிலோ நடந்தோ போகும்போது வழியில் போனுக்கு எட்டும் வைஃபை நெட்வொர்க்குகளை ஜிபிஎஸ் இடத்தோடு சேர்த்துப் பதிவு செய்வதுதான் வார்டிரைவிங். அதில் புதிதாக இறங்கியவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பாதிக் கேள்விகள் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: விகிள் வரைபடத்தில் என் வீட்டு ரவுட்டரைத் தேடினேன். புள்ளி நடுரோட்டில் நிற்கிறது. ஏன் தப்பாகக் காட்டுகிறது, சார்?

அது ரவுட்டர் இருக்கும் இடம் அல்ல. அந்த ரவுட்டரின் சிக்னல் யார் யாருக்குக் கிடைத்ததோ, அவர்கள் நின்ற இடங்களின் சராசரி. விகிள் (WiGLE) என்பது 2001 முதல் பலரும் பதிவேற்றி வரும் தரவால் வளர்ந்த வரைபடம். யாரும் வீடு வீடாகப் போய் அளக்கவில்லை.

உங்கள் தெரு வழியாக ஒருவர் வண்டியில் போகிறார் என்று வையுங்கள். தெருமுனையில் மைனஸ் 85, உங்கள் வாசலுக்கு நேராக மைனஸ் 68, கொஞ்சம் தள்ளி மைனஸ் 80 என்று சிக்னல் பலம் மூன்று முறை அவர் போனில் பதிவாகிறது (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம்). மூன்று இடமுமே ரோட்டின் மேல். சிக்னல் பலத்துக்கு ஏற்ற எடை கொடுத்துச் சராசரி எடுத்தாலும் விடை ரோட்டின் மேல்தான் விழும், மைனஸ் 68 பதிவான இடத்தை ஒட்டி. ரவுட்டர் இடப்பக்கமா வலப்பக்கமா, எவ்வளவு உள்ளே என்பதெல்லாம் நேர்கோட்டில் போனவருக்குத் தெரிய வழியில்லை. பின்தெருவிலும் யாராவது போய் வந்தால் புள்ளி வீட்டுப் பக்கம் நகரும். அதே தெருவில் பத்து நடை போவதைவிட நாலு பக்கமும் ஒரு சுற்று சுற்றுவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதோடு ஜிபிஎஸ் பிழையும் சேரும். திறந்த வானத்தின் கீழ் போனில் சுமார் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் இன்னும் அதிகம்.

கேள்வி: மைனஸ் 50 நல்லதா, மைனஸ் 80 நல்லதா?

மைனஸ் 50. ஒரு மில்லிவாட்டைப் பூஜ்ஜியமாக வைத்துக் கணக்கிடும் அளவு இது. ஒவ்வொரு 10 இறக்கத்துக்கும் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது. ஆக 50க்கும் 80க்கும் நடுவே ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆனால் இதை மீட்டராக மாற்றிப் படிக்காதீர்கள். ஒரு கான்கிரீட் சுவரோ இரும்புக் கதவோ நடுவில் வந்தால் எண் சரசரவென்று இறங்கிவிடும். போனைப் பைக்குள் போட்டால் உங்கள் உடம்பே தடுக்கும்.

கேள்வி: அண்ணா, ஒரே வீட்டிலிருந்து நாலு நெட்வொர்க் வருகிறது. நாலு ரவுட்டரா?

பெரும்பாலும் ஒன்றுதான். பெயரைப் பார்க்காதீர்கள், பிஎஸ்எஸ்ஐடியைப் பாருங்கள். பெயரை யாரும் எதுவும் வைக்கலாம், ஊர் முழுக்க ஒரே பெயர் இருக்கலாம். பிஎஸ்எஸ்ஐடி என்பது ரவுட்டர் தன்னை அடையாளம் சொல்லும் 12 இலக்க முகவரி, அதில் 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் இலக்கமாக வரும். வரைபடம் நெட்வொர்க்கை அடையாளம் காண்பது இதை வைத்துத்தான். ஒரே ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று, விருந்தினர் நெட்வொர்க்குக்கு ஒன்று என்று தனித்தனி எண் இருக்கும். அடுத்தடுத்த வரிகளில் கடைசி இலக்கம் மட்டும் 4, 5, 6 என்று மாறினால் பெட்டி ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் ஆறு இலக்கம் தயாரிப்பாளரைச் சொல்லும். ஆனால் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது மென்பொருள் வைத்த எண், அதில் தயாரிப்பாளரைத் தேட வேண்டாம். போன் ஹாட்ஸ்பாட்டுகளிலும் சில விருந்தினர் நெட்வொர்க்குகளிலும் இதை நிறையப் பார்ப்பீர்கள்.

கேள்வி: வண்டியில் வரும் ஹாட்ஸ்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

வழி நெடுக ஒரே எண் விடாமல், பலமாக வரும். ஒருமுறை கூட வந்தவரின் போன் ஹாட்ஸ்பாட் என் பதிவில் புறப்பட்ட இடத்திலிருந்து திரும்பும் வரை மைனஸ் 40ஐ ஒட்டியே நின்றது. அதன் சராசரிப் புள்ளியோ யாருமே இல்லாத ஒரு வெட்டவெளியில் விழுந்தது. அசையும் ஒன்றுக்குச் சராசரி எடுத்தால் அந்த விடைக்கு அர்த்தமில்லை.

கேள்வி: பைக்கில் போனால் ஒரு தெருவில் ஐந்தாறுதான் கிடைக்கிறது. நடந்தால் அறுபது. ரவுட்டர்கள் விட்டுவிட்டுத்தான் ஒலிபரப்புகின்றனவா?

ரவுட்டர்மேல் பழியில்லை. சாதாரணமாக 102.4 மில்லி விநாடிக்கு ஒரு பீக்கன் (நான் இங்கே இருக்கிறேன் என்ற அறிவிப்பு), அதாவது விநாடிக்குப் பத்து முறை அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தடை உங்கள் போனில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 9 முதல், திறந்திருக்கும் ஓர் ஆப் 2 நிமிடத்துக்கு 4 முறைதான் ஸ்கேன் செய்யலாம். சராசரியாக 30 விநாடிக்கு ஒன்று. மணிக்கு 60 கிலோமீட்டரில் அந்த 30 விநாடியில் அரை கிலோமீட்டர் கடந்துவிடுவீர்கள்! நடையில் அதே நேரத்தில் சுமார் 40 மீட்டர்தான். ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் அமைப்புகளுக்குள் இந்தக் கட்டுப்பாட்டை அணைக்கும் வசதி இருக்கிறது, அதை முதலில் செய்யுங்கள். ஐபோனில் சாதாரண ஆப்களுக்கு இப்படி ஸ்கேன் செய்யவே அனுமதியில்லை.

இன்னொன்று: ஆப்பை ஓடவிட்டு, போனை உள்ளே வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். ஓட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: ஊரின் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. அங்கே வைஃபை இல்லையா?

அங்கே யாரும் போகவில்லை. அவ்வளவுதான்.

கேள்வி: சில நெட்வொர்க்குகள் திறந்தே கிடக்கின்றன, சிலதில் வெப் (WEP) என்ற பழைய பாதுகாப்பு முறை என்று காட்டுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் தப்பா?

தப்பு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வெப் முறையின் அடிப்படை ஓட்டை 2001லேயே வெளிவந்துவிட்டது. அதற்குப் பதிலாக 2003ல் டபிள்யூபிஏ (WPA) என்ற பாதுகாப்பு முறை, 2004ல் அதன் இரண்டாம் பதிப்பு, 2018ல் மூன்றாவது என்று வந்தபிறகும் பழைய கருவிகள் சில அப்படியே ஓடுகின்றன. பூட்டு பழசாக இருக்கிறது என்பதற்காகக் கதவைத் தள்ளிப் பார்க்கலாமா? பீக்கன் எல்லோருக்கும் சொல்லப்படுவது, அதைக் குறித்துக்கொள்ளலாம். அந்த நெட்வொர்க்கில் சேர்வதும், அதில் போகும் தரவைப் பிடிப்பதும் வேறு. 2010ல் கூகுளின் ஸ்ட்ரீட் வியூ கார்கள் திறந்த நெட்வொர்க்குகளில் போன தரவையும் சேர்த்துச் சேமித்திருந்தது தெரியவந்து பல நாடுகளில் விசாரணை நடந்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: எனக்கு இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம். என் வீடு வரைபடத்தில் வரக் கூடாது. பெயரை மறைத்தால் போதுமா?

போதாது, அம்மா. மறைத்தாலும் பீக்கன் போய்க்கொண்டேதான் இருக்கும். பெயர் இடம் காலியாக இருக்கும், பிஎஸ்எஸ்ஐடி அப்படியே இருக்கும். பெயரின் கடைசியில் ஓர் அண்டர்ஸ்கோர் போட்டு, அதை ஒட்டி நோமேப் என்று ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேருங்கள் (_nomap). கூகுள் 2011ல் கொண்டுவந்த விலக்கு முறை இது. குடும்பப் பெயரும் கதவு எண்ணும் வைஃபை பெயரில் வேண்டவே வேண்டாம். யாரிடமிருந்தாவது ஒதுங்கிப் புது இடத்துக்குக் குடிபோகிறீர்கள் என்றால் பழைய ரவுட்டரை எடுத்துப் போகாதீர்கள். அதே எண் புது முகவரியில் பதிவாகிவிடும்.

கேள்வி: நாளைக்கே தொடங்கப் போகிறேன். முதலில் எங்கே போகட்டும்?

எங்கேயும் போக வேண்டாம், உங்கள் வீட்டையே சுற்றுங்கள். முதல் நாள் வாசல் தெருவில் மட்டும் நடந்து, உங்கள் ரவுட்டர் புள்ளி எங்கே விழுகிறது என்று குறியுங்கள். மறுநாள் நாலு பக்கமும் நடந்து மறுபடி குறியுங்கள். ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியுமே, இரண்டு புள்ளியும் அதிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கின்றன என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். அந்தப் பதிவை மட்டும் எங்கும் ஏற்றாதீர்கள். உங்கள் நடை தொடங்கும் இடமும் முடியும் இடமும் அதில் இருக்கிறது.