முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனும் உடல் எடையும்: கேள்வி பதில்

கோத்தகிரியில் பிசியோதெரபி பார்க்கிறேன். மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஆட்களை நடக்க வைப்பதுதான் என் வேலை. எடை பற்றி நம் மலைக்காரர்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

குன்னூர்: அக்கா, அம்மாவுக்கு 62 வயது, உயரம் 155 செ.மீ., எடை 98 கிலோ. கோயம்புத்தூரில் "எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நடக்கவே முடியாதவர் எப்படிக் குறைப்பார்?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. அம்மாவின் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு, கிட்டத்தட்ட 41. 40 தாண்டினால் பல மருத்துவர்கள் தயங்குவார்கள். கொழுப்பு அடுக்கில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் காயம் மெதுவாக ஆறும், கிருமித் தொற்றும் எளிதில் வரும். செயற்கை மூட்டில் கிருமி புகுந்தால் சில சமயம் அதையே கழற்றி மறுபடி பொருத்த வேண்டிவரும். கீழ்க்கால் எலும்பில் பதிக்கும் பாகம் தளர்ந்துபோகும் வாய்ப்பும் அதிகம்.

அதற்காக, 40 தாண்டியவர்களுக்கு ஆபரேஷனே கிடையாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எடை கூடியவர்களுக்கும் ஆபரேஷனுக்குப் பின் வலி நன்றாகவே குறைகிறது. பருமனைக் காரணம் காட்டி மூட்டு மாற்றுக்குப் பரிந்துரைக்க மறுக்கக் கூடாது என்றுதான் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. எத்தனை கிலோ, எத்தனை மாதத்தில், யார் வழிகாட்டுவார்கள் என்று மருத்துவரிடம் நேரே கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

எடை பெரும்பாலும் சாப்பாட்டில்தான் குறையும், நடையில் அல்ல. சோற்றைக் குறைத்து முட்டை, பருப்பு, அவரைக்கொட்டை கூட்டுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்கட்டும். தொடைத் தசைக்கு இது போதுமான தொடக்கம். பட்டினி மட்டும் வேண்டவே வேண்டாம். பருத்த உடம்பிலும் புரதக் குறைவு இருக்கும். அந்த நிலையில் கத்தி வைத்தால் புண் ஆறாது.

ஊட்டி: எத்தனை கிலோ குறைந்தால் பலன் தெரியும்?

1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ 4 கிலோ பாரம் குறைகிறது. 5 கிலோவுக்கு 20. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கூடலூர்: சர்க்கரை இருக்கிறது. ஆபரேஷன் செய்யலாமா?

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். மற்றது உங்கள் சர்க்கரை மருத்துவர் சொல்ல வேண்டியது.

கோத்தகிரி, எஸ்டேட்டில் ஓய்வுபெற்றவர்: எடை எடை என்கிறீர்களே, கொழுந்து பறித்த என் மனைவி 45 கிலோதான். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. இந்த மேடு பள்ளம்தான் காரணம்.

மஞ்சூர்: மன்னிக்கணும் ஐயா, மேட்டில் நடப்பவனுக்குத்தான் மூட்டு உறுதி. டவுனுக்குப் போய் உட்கார்ந்தவன்தான் வலி என்கிறான்.

இந்தச் சண்டை என் அறையிலும் வாரம் தவறாமல் நடக்கிறது. ஐயா சொல்வது சரி: தேய்மானத்துக்கு வயது, பரம்பரை, பழைய அடி, வருடக்கணக்கில் முதுகில் மூட்டை சுமந்து சரிவில் இறங்கியது என்று எத்தனையோ காரணம். சுமந்த மூட்டையும் முழங்காலுக்கு எடைதான், அதனால் உங்கள் மனைவியின் உடம்பை மட்டும் நிறுத்துப் பார்த்துப் பயனில்லை. மஞ்சூர் தம்பி சொல்வதிலும் உண்மை உண்டு, தசை வலுவானவருக்கு வலி குறைவு. ஆனால் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலின் முன்பக்கம் அதிகம் வாங்குகிறது. வலி உள்ளவர்கள் வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் தடி பிடித்து, மெல்ல இறங்குங்கள்.

இன்னொன்றும் சேர்த்து யோசியுங்கள். பருமனானவர்களுக்குக் கைவிரல் மூட்டும் அதிகமாகத் தேய்கிறது. விரல் உடம்பைச் சுமப்பதில்லையே! கொழுப்பிலிருந்து சுரக்கும் சில பொருள்கள் மூட்டுகளில் அழற்சியைத் தூண்டுகின்றன. அதனால் பாரம் மட்டும் கணக்கல்ல.

மஞ்சூர்: அப்போ மேட்டு நடையை விடணுமா, விடக்கூடாதா?

தம்பி, விட வேண்டாம். இறக்கத்தில் தடி. அவ்வளவுதான்.

குன்னூர், ஊட்டி, அரவங்காடு: எத்தனை கிலோ குறைக்க வேண்டும்?

மூன்று பேரும் மேலே ஊட்டிக்குச் சொன்னதைப் படியுங்கள். பட்டினி வேண்டாம் என்பதையும் சேர்த்து.

கோத்தகிரி: மூட்டில் ஊசி போட்டுக்கொண்டு சமாளிக்கலாமா?

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைத் தணிக்கும். போட்ட மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் தொற்று அபாயம் கூடும், எனவே ஊசி போட்ட தேதியை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மெடிக்கலில் வலி மாத்திரை கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது அதைவிட மோசம். வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகம் கெடும்.

ஊட்டி: ஆபரேஷன் ஆனால் எடை தானாகக் குறையுமா?

குறையாது. பலருக்கு அப்படியே நிற்கிறது, சிலருக்குக் கூடவும் செய்கிறது.

கூடலூர்: ஆபரேஷன் முடிந்து மலை ஏறி வீட்டுக்கு வரலாமா?

வரலாம், டிஸ்சார்ஜ் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. பருமனானவர்களுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல். காரில் முன் சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டுங்கள், கணுக்காலை அசைத்துக்கொண்டே வாருங்கள், வழியில் நிறுத்தி இறங்கி நில்லுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் நேரே 108.