வெந்நீரூற்று ஊர்களும் கைவினையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஆண்டு கணவருடன் ஜப்பான் சென்று வந்தேன். டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ என்ற வழக்கமான பாதைதான். சென்ற இடங்களிலெல்லாம் ஒரு மணிநேரக் கைவினை வகுப்புகளில் சேர்ந்தோம். துணிக்கு அவுரிச் சாயம் ஏற்றினோம், காகிதம் செய்தோம், சிறு தட்டு ஒன்றில் பொன்தூள் தூவி ஓவியம் தீட்டினோம். வெந்நீரூற்று விடுதி ஒன்றில் ஓர் இரவு தங்கினோம். எல்லாம் குறையின்றி நடந்தன. ஆனாலும் பயணிகளுக்காக அமைத்த மேடையில் நின்றுவிட்டுத் திரும்பிய உணர்வே எஞ்சியது. சுற்றுலா வந்து தொடுவதற்கு முந்தைய கைவினையை இனிப் பார்க்கவே முடியாதா? அடுத்த முறை வயதான அம்மாவையும் அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அம்மா சுத்த சைவம். பொதுக் குளியல் என்றாலே கூசுவார். எந்த ஊருக்குச் செல்லலாம்? அங்கு வாங்கிய பூச்சுக் கிண்ணம் ஒன்று கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அதைப் புழங்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் அதற்கு நீங்கள் கண்டிருக்கும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பயணி வருவதற்கு முன்பு தூய கைவினை ஒன்று இருந்தது, பயணிகள் வந்து அதைக் காட்சிப்பொருளாக்கிவிட்டார்கள் என்று எண்ணுகிறீர்கள். ஜப்பானின் வெந்நீரூற்று ஊர்களைப் பொறுத்தவரை வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கே பல கைவினைகள் பிறந்ததும் வளர்ந்ததும் பயணிகளால்தான்.

நோய் தீரவும் உழைத்த உடம்பின் களைப்பு நீங்கவும் வெந்நீரூற்றுகளுக்குச் சென்று வாரக்கணக்கில் தங்கும் வழக்கம் அந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அதற்குத் தோஜி என்று பெயர். பலர் அரிசி முதலியவற்றைக் கொண்டுவந்து தாமே சமைத்து உண்டார்கள். அப்படித் தங்குபவர்களுக்குப் பாத்திரம் வேண்டும், கூடை வேண்டும், ஊர் திரும்பும்போது பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏதாவது வேண்டும். கியூஷு தீவிலுள்ள பெப்புவின் மூங்கில் வேலை பெருகியது இப்படித்தான். தோஜிக்கு வந்தவர்கள் சமையலுக்குப் பயன்படுத்திய கூடைகளை வீட்டுக்கும் வாங்கிச் சென்றார்கள். அந்தக் கூடை முடையும் மரபிலிருந்து வந்த ஷோனோ ஷோஉன்சாய்தான் 1967இல் மூங்கில் கலைக்காக நாட்டின் 'வாழும் தேசியச் செல்வம்' என்ற தகுதியைப் பெற்ற முதல் கலைஞர். வடக்கே மியாகி மாகாணத்தின் நருகோவில் கிண்ணமும் தட்டும் கடைந்துகொண்டிருந்தவர்கள், குளிக்க வந்த உழவர்களின் குழந்தைகளுக்காகக் கையும் காலும் இல்லாத கொகேஷி பொம்மைகளைக் கடைந்தார்கள். தலையைத் திருப்பினால் நருகோ பொம்மை கிறீச்சிடும். கினோசாக்கி என்ற வெந்நீரூற்று ஊரின் கதை இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் இனபா என்ற பகுதியிலிருந்து அங்கே குளிக்க வந்த ஹன்ஷிச்சி என்ற கைவினைஞர், பம்பரங்களிலும் மூங்கில் குழல்களிலும் சாயமேற்றிய வைக்கோலை ஒட்டி விற்று, தங்கும் செலவை ஈடுகட்டினாராம். இன்றும் கினோசாக்கியில் நடக்கும் வைக்கோல் ஒட்டு வேலையின் தோற்றத்தை அவ்வூர் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறது. அதாவது, அதைத் தொடங்கிவைத்தவரே ஒரு பயணி.

எனவே அடுத்த முறை பல ஊர்களைத் தொட்டுவிட்டு வராமல், நீரும் கைவேலையும் ஒன்றையொன்று வளர்த்த ஓர் ஊரில் மூன்று நான்கு இரவுகள் தங்குங்கள். இஷிகாவா மாகாணத்தின் காகா நகரைச் சேர்ந்த யாமனாக்காவை நான் பரிந்துரைப்பேன்.

அது ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த சிறிய ஊர். அதன் ஊற்றை ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் கியோக்கி என்ற பௌத்தத் துறவி கண்டறிந்தார் என்பது மரபு. 1689இல் தம் நீண்ட நடைப்பயணத்தின்போது ஹைக்கூக் கவிஞர் பாஷோ இங்கே ஒரு வாரத்துக்கும் மேலாகத் தங்கினார். இந்த நீரின் மணம் இருக்க, நீண்ட ஆயுளுக்காகச் செவ்வந்தியைக் கொய்ய வேண்டியதில்லை என்ற பொருளில் ஒரு கவிதையும் எழுதினார். ஊர் நடுவில் உள்ள பொதுக் குளியல் வீட்டுக்கு அந்தச் செவ்வந்தியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மரம் கடைபவர்கள் இவ்வூருக்கு வந்த கதை 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்குகிறது. நல்ல மரத்தைத் தேடி மலை மலையாக இடம்பெயர்ந்துகொண்டிருந்த கடைசல்காரர்களில் ஒரு கூட்டத்தினர் எச்சிசென் என்ற பகுதியிலிருந்து வந்து, ஆற்றின் மேற்பகுதியிலுள்ள மனாகோ என்ற சிற்றூரில் குடியேறினார்கள். கீழே குளிக்க வருபவர்கள் பெருகவும் அவர்களுடைய கிண்ணங்களும் தட்டுகளும் விலைபோயின. தொழிலும் மெல்ல மெல்ல மலையிலிருந்து இறங்கி ஊற்றை அடைந்தது. பூச்சு வேலையும் பொன்தூள் ஓவியமும் பின்னர்தான் வந்து சேர்ந்தன. மரத்துக்கு யாமனாக்கா, பூச்சுக்கு வாஜிமா, பொன்தூள் ஓவியத்துக்குக் கனசாவா என்று அந்த மாகாணத்தில் இன்றும் சொல்வார்கள்.

யாமனாக்காவின் கடைசலுக்கு ஏன் இந்தப் புகழ் என்பதைத் தெரிந்துகொண்டு சென்றால் பட்டறையில் நீங்கள் காண்பதற்குப் பொருள் கூடும். பிற இடங்களில் பொதுவாக மரத்தைப் பலகையாக அறுத்து, அந்தப் பலகையிலிருந்து கிண்ணத்தைக் கடைவார்கள். யாமனாக்காவில் தண்டைக் குறுக்கே துண்டுபோட்டு, மரம் நின்ற வாக்கிலேயே கிண்ணமும் நிற்கும்படி எடுக்கிறார்கள். இதில் நடுத்தண்டைத் தவிர்க்க வேண்டியிருப்பதால் ஒரு மரத்திலிருந்து கிடைக்கும் கிண்ணங்கள் குறைவு. ஆனால் உலரும்போது கோணல் ஏற்படுவது மிகக் குறைவு. ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய கிண்ணங்களை இங்கே கடைய முடிவதற்கும், தேநீர்ப்பொடி வைக்கும் செப்புகளின் மூடி ஆண்டுகள் கடந்தும் பிசகாமல் பொருந்துவதற்கும் இதுவே காரணம். முதலில் தடிமனாகக் கடைந்து, புகைமூட்டி உலர்த்தி, பிறகு நாள்கணக்கில் ஆறப்போட்டு, அதன் பின்னரே இறுதிக் கடைசலுக்கு எடுப்பார்கள். அதற்கான உளிகளைக் கடையிலிருந்து வாங்குவதில்லை. கடைபவரே உலையில் இரும்பைக் காய்ச்சி, தம் கைக்கும் அன்றைய வேலைக்கும் ஏற்ப அடித்துக்கொள்கிறார். அந்த உளியைச் சுழலும் மரத்தின் மேல் வைத்து மயிரிழை போன்ற நுண்ணிய வரிகளைக் கைத்திறனாலேயே இழைக்கும் முறை இவ்வூருக்கே உரிய பெருமை. இக்கலையில் தேர்ந்த கவகிதா ரியோசோ 1994இல் வாழும் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டார். 1997இல் மாகாண அரசு இங்கே கடைசலுக்கென்று ஒரு பயிற்சி நிலையத்தையும் தொடங்கியது. வெளியூர்களிலிருந்து வரும் இளைஞர்கள் அங்கே பயின்று இவ்வூரிலேயே தங்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

ஒரு மணிநேர வகுப்பு உங்களுக்கு வெறுமையாகத் தோன்றியதற்கு உண்மையான காரணம் இனி விளங்கும். உருஷி என்ற அந்தப் பூச்சு, பூச்சியிலிருந்து கிடைக்கும் நம் அரக்கு அன்று. ஒரு மரத்தின் பால். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த மரத்தைக் கோடையில் கீறிக் கீறி எடுத்தாலும் ஏறத்தாழ 200 கிராம்தான் கிடைக்கும். பிறகு அந்த மரத்தை வெட்டிவிடுவார்கள். அந்தப் பால் வெயிலில் காய்வதில்லை. ஈரமும் மிதமான வெப்பமும் நிறைந்த மரப்பெட்டிக்குள், காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, நொதியின் துணையால் இறுகுகிறது. ஒரு பூச்சு இறுகும்வரை அடுத்த பூச்சுக்குக் காத்திருக்க வேண்டும். இறுகாத பால் பழக்கமில்லாத தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். சேராங்கொட்டையும் முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயும் தோலைப் புண்ணாக்குவதை நாம் அறிவோம். அவையும் உருஷி மரமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே பயணிகளுக்கான வகுப்புகள் பலவற்றில் உருஷிக்குப் பதிலாகத் தீங்கற்ற வேறு பூச்சையே கொடுக்கிறார்கள். இதில் எந்த ஏமாற்றும் இல்லை. உருஷியின் இயல்பு ஒரு மணி நேரத்துக்குள் அடங்காது, அவ்வளவே. யாமனாக்காவில் பயணிகள் கடைசலைச் செய்து பார்க்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதைவிட, அரை நாள் ஒரு கடைசல்காரருக்கு எதிரில் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பதையே நான் பெரிதாக மதிப்பேன். பட்டறை அவர்கள் பிழைக்கும் இடம் என்பதால் விடுதியின் வழியாக முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு யாமனாக்கா பிளாஸ்டிக் உடலில் செயற்கைப் பூச்சு பூசிய பாத்திரங்களையும் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. ஊரின் வருமானத்தைத் தாங்கி நிற்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. நான் அவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இரண்டும் வெவ்வேறு பொருள்கள். விலையும் பல மடங்கு வேறுபடும். உடல் மரமா பிளாஸ்டிக்கா, பூச்சு உருஷியா செயற்கையா என்பதைப் பெட்டியிலுள்ள சீட்டில் குறிப்பிட வேண்டும் என்பது அங்கே சட்டம். கடைக்காரரிடம் கேட்டாலும் மறைக்காமல் சொல்வார்கள்.

உங்களிடம் உள்ள கிண்ணம் மரத்தில் உருஷி பூசியதாக இருந்தால், அலமாரியிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். அது சூடான சாறு ஊற்றிக் கையில் ஏந்திக் குடிப்பதற்காகவே செய்யப்பட்டது. இறுகிய உருஷியைப் புளியும் உப்பும் ஒன்றும் செய்யாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் சற்று ஆறிய ரசத்தை ஊற்றுங்கள். மென்மையான பஞ்சால் கழுவி உடனே துடையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் நேர் வெயிலும்தான் அதற்குக் கேடு. புழங்கப் புழங்க அதன் நிறம் தெளிந்து பளபளப்புக் கூடும்.

யாமனாக்காவுக்கு அருகிலேயே யாமாஷிரோ என்ற மற்றொரு வெந்நீரூற்று ஊர் இருக்கிறது. ஒரு பகல் அங்கே சென்று வாருங்கள். பச்சை, மஞ்சள், ஊதா, கருநீலம், சிவப்பு ஆகிய ஐந்து நிறங்களில் தீட்டப்படும் குத்தானிப் பீங்கான், 17ஆம் நூற்றாண்டில் மலையூர் ஒன்றில் தொடங்கி அரை நூற்றாண்டு அளவில் நின்றுபோனது. 1824இல் அதை மீட்டெடுத்த யோஷிதாயா சூளை ஈராண்டுகளில் யாமாஷிரோவுக்கு மாறியது. அந்தச் சூளையின் எச்சத்தை இன்றும் பார்க்கலாம். மெய்ஜி காலக் (1868–1912) கட்டடத்தின் வடிவில் 2010இல் மீண்டும் எழுப்பிய அவ்வூரின் பழைய பொதுக் குளியல் வீட்டில் சுவரிலும் தரையிலும் குத்தானி ஓடுகளே பதித்திருக்கின்றன.

வாஜிமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தைத் தாக்கிய நிலநடுக்கத்தில் வாஜிமாவின் காலைச் சந்தைத் தெரு தீக்கிரையானது. உருஷிப் பட்டறைகள் பல இடிந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழை மீண்டும் அவ்வூரைச் சிதைத்தது. வீடிழந்த பலருக்குக் காகாவின் வெந்நீரூற்று விடுதிகள் தங்க இடம் கொடுத்தன. கனசாவாவின் கடைகளில் வாஜிமாக் கிண்ணத்தைக் கண்டால், கையில் பணம் இருந்தால் வாங்குங்கள். ஒரு பயணியால் அவர்களுக்குச் செய்ய முடிந்த உண்மையான உதவி அது.

இனி உங்கள் அம்மா. பொதுக் குளியலில் ஆடையின்றித்தான் இறங்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். கூச்சம் தீராவிட்டால், குடும்பத்துக்கென்று குறித்த நேரத்துக்கு ஒதுக்கித் தரும் குளியலறை பல விடுதிகளில் உண்டு. அறையோடு சேர்ந்த ஊற்றுத் தொட்டியுள்ள விடுதிகளும் உண்டு. முதலில் அமர்ந்து உடலை நன்றாகக் கழுவிக்கொண்டு, நீரை மொண்டு காலிலிருந்து மேலாக ஊற்றிப் பழக்கிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். பெரும்பாலும் 40 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும். இரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உண்டவுடன் இறங்க வேண்டாம். சில நிமிடங்களில் ஏறிவிடட்டும்.

உணவில்தான் உண்மையான சிரமம் இருக்கிறது. காய்கறி மட்டுமே கண்ணில் படும் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். ஜப்பானியச் சமையலின் அடித்தளமே அதுதான். அறையைப் பதிவு செய்யும்போதே, மீன் சாறும் கூடாது என்பதை ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்புங்கள். சில விடுதிகள் கடற்பாசியும் காளானும் கொண்டு சாறு வைத்துத் தருவார்கள். சில முடியாது என்று பணிவாக மறுத்துவிடுவார்கள். மறுப்பவர்களிடம் இரவு உணவில்லாத அறையைக் கேட்டு, பருப்புப்பொடியும் அந்நாட்டு மின்சாரத்துக்கு ஏற்ற சிறு மின்குக்கரும் எடுத்துச் சென்று, அரிசியை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அறையில் சமைக்கலாமா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. அம்மாவுக்கு உடல் ஒத்துழைத்தால், பக்கத்து ஃபுக்குயி மாகாணத்தில் 1244இல் ஜென் துறவி தோகென் நிறுவிய எய்ஹெய்ஜி மடத்தில் ஓர் இரவு தங்கலாம். அங்கே துறவிகள் உண்ணும் சைவ உணவையே விருந்தினருக்கும் படைக்கிறார்கள். ஆனால் படிக்கட்டுகள் மிகுதி.

2024 மார்ச் 16 முதல் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் டோக்கியோவிலிருந்து காகா வெந்நீரூற்று நிலையம் வரை மாறாமல் செல்கிறது. பயணம் சுமார் மூன்று மணி நேரம். நிலையத்திலிருந்து யாமனாக்காவுக்குப் பேருந்தில் அரை மணி நேரம். குளிர்காலத்தில் நண்டு விருந்துக்காக விலை ஏறும், பனியும் கொட்டும். மே மாதமோ அக்டோபர் இறுதியோ அம்மாவுக்கு ஏற்றது. அப்போது ஆற்றங்கரைப் பாதையில் அவரால் நிதானமாக நடக்கவும் முடியும்.

அன்புடன்.