மீட்டெடுத்த சுரங்க நிலத்தின் மண் அரிப்பைச் செயற்கைக்கோள் தரவை மட்டும் கொண்டு கணிக்க முடியுமா?

சென்னையில் முதுநிலைப் பொறியியல் படிக்கும் நீங்கள், நெய்வேலி போன்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் மரம் நட்டு மீட்டெடுத்த மண்மேட்டிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு மண் அரித்துச் செல்லப்படுகிறது என்பதை, மழைநீரால் ஏற்படும் மண் அரிப்பைக் கணிக்கும் ஆர்யுஎஸ்எல்இ (RUSLE) சமன்பாட்டையும் இணையத்தில் கிடைக்கும் தரவையும் கொண்டே கணக்கிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கிடலாம், விடையும் வரும். ஆனால் களத்துக்குப் போகாமல் வந்த அந்த விடையை நம்பி ஒரு மேட்டின் பாதுகாப்பைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

மழையின் அரிப்புத் திறன், மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளமும் சாய்வும், நிலப்போர்வை (மண்ணை மூடும் செடி, சருகு), பாதுகாப்பு முறை ஆகியவற்றைப் பெருக்கி விடை காணும் இந்தச் சமன்பாடு வயலுக்காகப் பிறந்தது. 22.13 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சாய்வும் கொண்ட, பயிரின்றி உழுது போட்ட நிலத்துண்டுதான் அதன் அளவுகோல். கொட்டிக் குவித்த மண்மேடு அந்த வயலிலிருந்து மிகவும் விலகியது என்பதால்தான், அமெரிக்காவின் மேற்பரப்புச் சுரங்க அலுவலகம் சுரங்க நிலங்களுக்கும் கட்டுமான இடங்களுக்கும் என்றே 1998இல் தனி வழிகாட்டியை வெளியிட்டது. அதை முதலில் படியுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது உயரத் தரவின் வயது. பலரும் பயன்படுத்தும் எஸ்ஆர்டிஎம் (SRTM) என்ற விண்வெளி ரேடார் உயரத் தரவு 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. உங்கள் மேடு அதற்குப் பிறகு எழுந்ததென்றால், நீங்கள் கணக்கிடுவது அங்கே முன்பிருந்த சமவெளியின் அரிப்பைத்தான். தரவு புதியதாகவே இருந்தாலும், 30 மீட்டர் கட்டத்தில் சில மீட்டர் அகலமுள்ள படித்தளம் (சரிவின் குறுக்கே படிபோல வெட்டிய சமதளம்) தெரியாது. அது சிறிய விஷயமன்று: 20 பாகைச் சாய்வில் 60 மீட்டர் நீளமாக இறங்கும் சரிவை நடுவில் ஒரு படித்தளத்தால் இரண்டாக வெட்டினால், நீளமும் சாய்வும் சேர்ந்த காரணி ஏறத்தாழ 10இலிருந்து 6.5க்கு இறங்கிவிடுகிறது.

அடுத்தது மண். மண் வரைபடத்தில் இருப்பது தோண்டுவதற்கு முன்பிருந்த மண். மேட்டில் கிடப்பதோ பல அடுக்குகள் கலந்து, கனரக வண்டிகள் ஏறி இறுகிய கலவை. நீர் உள்ளிறங்கும் வேகத்தை அங்கேயே அளந்து பார்ப்பதற்கு மாற்று இல்லை. நிலப்போர்வைக்குச் செயற்கைக்கோள் காட்டும் பசுமையை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஆபத்து. மேலே இலைக்கூட்டம் அடர்ந்திருக்க, அடியில் புல்லோ சருகோ இல்லாமல் வெறுந்தரையாகக் கிடக்கும் தோப்பில், உயரத்து இலையிலிருந்து சொட்டும் பெரிய துளிகள் மண்ணை மீண்டும் அடித்துக் கிளப்பும். மண்ணைக் காப்பது தரையை ஒட்டிய போர்வைதான்.

மழைக்கு, சென்னையின் ஆண்டு மழையளவை நெய்வேலிக்குப் பொருத்தாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் கொட்டுவதற்கும் பத்து நாள் தூறுவதற்கும் அரிப்பில் பெரும் வேறுபாடு உண்டு. ஆகவே 30 நிமிடச் செறிவைப் பதிவு செய்யும் மழைமானித் தரவைத் தேடுங்கள். அலகுகளையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்: மழைக் காரணியை ஓர் அலகுமுறையிலும் மண் காரணியை மற்றொன்றிலும் எடுத்துப் பெருக்கினால், விடை பல மடங்கு பிசகிவிடும்.

சரிபார்ப்பதற்கு அரிப்பு ஊசிகளை (மண்மட்டம் எவ்வளவு இறங்கியது என்று காட்டத் தரையில் அடிக்கும் கம்பிகளை) மட்டும் நட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மண் போனால் அது 10 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 15 டன். தாங்கத்தக்க அரிப்பின் மேல் வரம்பாக வழக்கில் உள்ள, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 11.2 டன் அதற்கும் குறைவு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மண்தான். புதிதாகக் கொட்டிய மண் தானாகவே பல மில்லிமீட்டர் அமுங்கும் என்பதால், அமுங்கியதையும் அரித்ததையும் ஊசி பிரித்துச் சொல்லாது. பருவமழைக்குப் பின் சரிவின் குறுக்கே நூல் கட்டி, ஓடும் நீர் அறுத்த சிறு நீர்த்தாரைகளின் அகல ஆழங்களை அளவெடுங்கள். அடிவாரத்து வண்டல் குட்டையின் ஆழத்தை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுங்கள். ஆளை விழுங்கும் பள்ள ஓடைகள் இருந்தால் அவற்றைத் தனியே கணக்கெடுக்க வேண்டும், ஏனெனில் அவை இந்தச் சமன்பாட்டுக்குள் அடங்குவதே இல்லை.