ஃபேனைப் பார்க்கும் பையன்

வணக்கம் சார்,

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். 'வகுப்பில் கவனமே இல்லை' என்று டைரியில் இந்த மாதம் மட்டும் நான்கு முறை எழுதி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் புத்தகத்தைத் திறந்து வைத்தால் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறான். ஆனால் செஸ் போர்டு முன்னால் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் அசைய மாட்டான். அதற்கு மட்டும் கவனம் வருகிறதே, படிப்பென்றால் திமிரா என்று அவன் அப்பா கேட்கிறார். போனைப் பிடுங்கி வைத்துப் பார்த்தோம், பெரிய மாற்றமில்லை. ஞாபகசக்தி டானிக், தியான வகுப்பு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

— ஒரு அம்மா

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த டைரி வரியைப் பற்றி. 'கவனமே இல்லை' என்பது காய்ச்சல் என்று சொல்வதைப் போல. காய்ச்சல் இருப்பது தெரிகிறது, எதனால் என்று தெரியவில்லை. நான்கு முறை எழுதியவர் ஒரு முறையாவது எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில் என்று எழுதியிருந்தால் உங்கள் வேலை பாதி குறைந்திருக்கும். (ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, ஒரே அறையில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைக் கவனிப்பது லேசான காரியமில்லை.)

செஸ் விஷயத்தில் உங்கள் கணவர் கேட்கும் கேள்வி நியாயமானதுதான், வந்து சேரும் முடிவுதான் தப்பு. செஸ்ஸில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், காய் நகர்த்தியதும் எதிராளியிடமிருந்து பதில் வந்துவிடும். மனம் நழுவுவதற்குள் அதுவே பிடித்து இழுத்துக்கொள்கிறது. வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியலாளர் 1890லேயே எழுதிவிட்டார்: நாமாக முயன்று செலுத்தும் கவனம் ஒரே மூச்சில் சில விநாடிகளுக்கு மேல் நிற்காது, நீண்ட நேரக் கவனம் என்று நாம் சொல்வதெல்லாம் ஓடிப்போன மனதைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதுதான். பெரியவர்கள் மட்டும் ஒழுங்கா என்றால், 2010ல் ஹார்வர்டில் 2,250 பெரியவர்களை நாளின் நடுவே திடீர் திடீரென்று கேட்டுப் பார்த்ததில், கிட்டத்தட்ட பாதி நேரம் அவர்கள் மனம் செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை. ஆக உங்கள் மகனின் மனம் ஓடுவது பிரச்சினையே இல்லை, ஓடிய மனம் திரும்பி வந்து பிடித்துக்கொள்ள அங்கே ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் அக்கா பையனோடு ஒரு நாள் கணக்குப் போட உட்கார்ந்தேன். 7/12 உடன் 5/8ஐக் கூட்ட வேண்டும். பகுதி இரண்டும் வேறு, மீச்சிறு பொது மடங்கு 24 என்று சரியாகவே கண்டுபிடித்தான். 7/12ஐ 14/24 ஆக்கினான். அடுத்து 24ல் எத்தனை எட்டு? எட்டாம் வாய்ப்பாடு அவனுக்குக் கைவசம் இல்லை. விரல் விட்டு எட்டு, பதினாறு, இருபத்துநான்கு என்று எண்ணி மூன்று விரலை நீட்டினான். நீட்டிய விரல் நீட்டியபடியே இருந்தது, எதற்காக மூன்று என்பது மட்டும் போய்விட்டது. ஒரு கணம் நோட்டைப் பார்த்தான், அப்புறம் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தான். அந்த நொடியில் யாராவது உள்ளே வந்திருந்தால் 'கவனமில்லாத பையன்' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நடந்தது இதுதான். வேலை செய்யும்போது மனதில் தற்காலிகமாகப் பிடித்துவைத்துக்கொள்ள இருக்கும் இடம் எல்லோருக்குமே ரொம்பச் சின்னது, ஒரே சமயத்தில் நான்கு விஷயம் நின்றால் பெரிது. வாய்ப்பாடு தெரிந்தவனுக்கு அதற்கு இடமே தேவையில்லை. தெரியாதவன் விரலை எண்ணுவதற்குள் கணக்கு வெளியே விழுந்துவிடுகிறது. வகுப்பில் இது ஐந்தாவது நிமிடத்தில் நடந்தால் மீதிப் பாடவேளை முழுவதும் அவன் காதில் விழுவது வெறும் சத்தம். வெறும் சத்தத்தை அரை மணி நேரம் கவனியுங்கள் என்றால் உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. கவனம் போனதால் புரியவில்லை என்று நாம் நினைக்கிறோம். நான் பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குமேல் புரியாமல் போனதால்தான் கவனம் போனது.

அதனால் டானிக்கை விடுங்கள், அது வேண்டாம். தியானம் கெடுதலில்லை, ஆனால் அது வாய்ப்பாட்டைச் சொல்லித்தராது. இந்த வாரம் ஒரு அரை மணி நேரம், பேசாமல், திருத்தாமல், அவன் பக்கத்தில் உட்காருங்கள். எந்த வரியில் தலை தூக்குகிறான் என்று மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். நான்கைந்து நாளில் புள்ளிகள் எங்கே கூடுகின்றன என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது இந்த வருடப் பாடமாக இருக்காது, இரண்டு வருடம் முன்னால் விட்டுப்போன ஏதோ ஒன்றாக இருக்கும். அங்கே போய் வேலை செய்யுங்கள். இடைப்பட்ட விடைகளை மனதில் வைத்துக்கொள்ளாமல் ஓரத்தில் எழுதப் பழக்குங்கள். படிக்கும்போதும், ஒரு பக்கத்தை நான்கு முறை வாசிப்பதற்குப் பதில் ஒரு முறை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிருப்பதை எழுதச் சொல்லுங்கள். அதுதான் நாள்பட நிற்கும் என்று சோதனைகளில் தெளிவாகவே தெரிந்திருக்கிறது. அது செஸ் மாதிரி உடனே பதிலும் சொல்லும்.

அதற்கு முன்னால் கண் பரிசோதனை. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பள்ளியில் என்னைப் பல மாதம் கடைசி பெஞ்சில் தண்டனையாக உட்கார வைத்திருந்தார்கள், போர்டு தெரியவில்லை என்பது எனக்கே தெரியாது, எல்லோருக்கும் அப்படித்தான் கலங்கித் தெரியும் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு போன அன்றுதான் வகுப்புக் கடிகாரத்தில் விநாடி முள் ஒன்று இருப்பதையே பார்த்தேன். காதையும் பார்த்துவிடுங்கள்.

தூக்கம்: 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரமாவது வேண்டும், 13க்கு மேல் 8 மணி நேரம். வளரும் வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போய்த் தூக்கம் தாமதமாகத்தான் வரும், அதையும் சோம்பேறித்தனக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். போனைப் பிடுங்கியதைத் தண்டனையாக வைத்துக்கொள்ள வேண்டாம். படிக்கும் நேரத்திலும் தூங்கும் நேரத்திலும் அது வேறு அறையில் இருந்தால் போதும், உங்களுடையதும் சேர்த்து.

இத்தனையும் செய்து, ஆறு மாதத்துக்கு மேலாகியும் வீடு, பள்ளி இரண்டிலும் இதே நிலை, அதுவும் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ஏடிஎச்டி (கவனத்தை நிலைநிறுத்தவும் துறுதுறுப்பை அடக்கவும் சிரமப்படும் ஒரு நிலை) இருக்கும் பிள்ளைகளும் பிடித்த விஷயத்தில் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடப்பார்கள், அதனால் செஸ்ஸை வைத்து 'அதெல்லாம் இல்லை' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், நானும் இங்கிருந்தபடி செய்ய மாட்டேன்.

அடுத்த முறை டைரியில் எழுதி வந்தால், கீழே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: 'எந்தப் பாடவேளை, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது?' பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.