அவன் அழுதான், நான் மன்னித்துவிட்டேன்

கேள்வி: எனக்கு 17 வயது. எட்டு மாதமாக ஒரு பையனைக் காதலிக்கிறேன். யாரிடம் பேசினாலும் கோபப்படுவான். என் போன் பாஸ்வேர்டை வாங்கி வைத்திருக்கிறான், வெளியே போனால் லொகேஷன் அனுப்பச் சொல்வான். போன வாரம் சண்டையில் மணிக்கட்டை முறுக்கிவிட்டான். மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்டதால் மன்னித்துவிட்டேன். பாசத்தில்தானே இப்படிச் செய்கிறான்?

பதில்: பாசம்தான் என்று உனக்கே உறுதியாகத் தெரிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டாய், இல்லையா?

அவன் அழுதது நடிப்பு என்று சொல்ல மாட்டேன். உண்மையாகவே அழுதிருக்கலாம். லெனோர் வாக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், துணையிடம் அடிபட்ட பெண்களிடம் பேசிவிட்டு 1979-இல் எழுதியதில் இந்த அழுகைக்கும் இடம் உண்டு: முதலில் வீட்டுக்குள் புழுக்கம் ஏறுகிற மாதிரி ஒரு இறுக்கம், அப்புறம் வெடிப்பு, அப்புறம் கண்ணீரும் கொஞ்சலும், கொஞ்ச நாளில் மறுபடி அதே இறுக்கம். எல்லாருக்கும் இதே வரிசையில்தான் நடக்கும் என்றில்லை. ஆனால் பலரைப் பிடித்து வைப்பது அந்தக் கொஞ்சல் நாட்கள்தான். சரி, ஒன்று கேட்கிறேன். அவ்வளவு அழுதவன் உன் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னானா?

பொறாமை யாருக்கும் வரும். உன் வயதில் நானும் அதை வைத்துத்தான் காதலை அளந்தேன், அது வேறு கதை. பொறாமை வந்தால் அதைச் சொல்லிவிட்டுப் போகலாம், உன் நட்புகளை வெட்டிவிட வேண்டியதில்லை. “இன்றைக்கு வர முடியாது” என்று அவனுக்கு அனுப்பும் முன் எத்தனை முறை அழித்து அழித்து எழுதுகிறாய்? பயந்துதான் எழுதுகிறாய் என்றால் அதுவே போதும், வேறு அடையாளம் தேட வேண்டாம். முறுக்கியது லேசாகத்தான் என்று நீயாக அதைக் குறைத்துக்கொள்ளாதே.

விலக முடிவு செய்தால் அதைத் தனியாகப் போய்ச் சொல்லாதே, ஏனென்றால் பிடி நழுவுகிறது என்று தெரியும் நேரத்தில்தான் சிலர் இன்னும் மூர்க்கமாகிறார்கள். முதலில் அம்மாவோ அக்காவோ ஆசிரியரோ, நீ நம்பும் பெரியவர் ஒருவரிடம் மணிக்கட்டு விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொல். அவன் மிரட்டி ஏதாவது அனுப்பியிருந்தால் அதை அழிக்காமல் படம் பிடித்து அவரிடம் கொடுத்து வை. பாஸ்வேர்டையும் லொகேஷனையும் அதற்குப் பிறகு மாற்று, திடீரென்று நிறுத்தினால் அவனுக்கு உடனே தெரிந்துவிடும். “கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம்” என்பான், போகாதே. செத்துவிடுவேன் என்று மிரட்டினால் உடனே அவன் வீட்டாருக்குத் தெரியப்படுத்து, அவர்கள் வரவில்லை என்றால் நீ நம்பும் அந்தப் பெரியவரிடம் அவசர உதவியை அழைக்கச் சொல், ஆனால் நீ அவனிடம் ஓடாதே.